மருதாணி வேலிக்கு மின்சார ட்ரிம்மர் வாங்கலாமா?

கேள்வி: திருவான்மியூரில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி நாற்பது அடி நீளத்துக்கு மருதாணியும் துரந்தாவும் வேலியாக வளர்ந்துள்ளன. கவாத்து செய்ய ஆள் கிடைப்பதில்லை என்பதால் மின்சார ஹெட்ஜ் ட்ரிம்மர் வாங்க நினைக்கிறேன். ஒயர் உள்ளது நல்லதா, பேட்டரியில் ஓடுவதா? நானே பயன்படுத்துவது ஆபத்தில்லையா?

பதில்: கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து, 'டி' என்ற சோதனைப் பொத்தானுடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் இருப்பதே போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது அதிக மின்னோட்டத்திலிருந்து ஒயரைக் காக்குமே தவிர, மின்கசிவு ஆளின் உடல் வழியே பாயும்போது இணைப்பைத் துண்டிக்காது. ஒயர் உள்ள ட்ரிம்மரில் அடிக்கடி நேரும் விபத்து, ஓடும் பிளேடு தன் ஒயரையே வெட்டிவிடுவதுதான். கருவியில் சதுரத்துக்குள் சதுரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் இரட்டைக் காப்புக் குறி, வெட்டுப்பட்ட ஒயரிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. ஆகவே ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் பொருத்துங்கள், அல்லது பேட்டரி ட்ரிம்மரையே வாங்குங்கள். பேட்டரி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் மட்டும் வாங்க வேண்டாம்.

பிளேடின் நீளத்தைவிடப் பற்களுக்கு இடையிலான இடைவெளியையே கவனியுங்கள். வீட்டு உபயோகக் கருவிகளில் அது பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும்; அதைவிடத் தடித்த கிளை உள்ளே நுழையாது. விரலைவிடத் தடித்த பழைய மருதாணிக் கிளைகளைக் கைரம்பத்தால் அறுப்பதே முறை. இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே ஓடும் இரட்டை சுவிட்ச் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

வெட்டும்போது ஒயரைத் தோள்மீது போட்டு முதுகுப்புறம் விடுங்கள். பக்கங்களைக் கீழிருந்து மேலாக வெட்டி, அடியைச் சற்று அகலமாகவும் உச்சியைக் குறுகலாகவும் விட்டால்தான் அடித்தழைகளுக்கு வெயில் கிடைக்கும். இல்லாவிட்டால் வேலி கீழே மொட்டையாகிவிடும். கிளை சிக்கினால், சுவிட்சை விட்டதும் கைவைக்காமல், பிளக்கையோ பேட்டரியையோ கழற்றிய பிறகே எடுங்கள். ஒயர் வெட்டுப்பட்டால் அதைத் தொடாமல் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். டேப் சுற்றி மீண்டும் ஓட்டுவது கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இலைகள் ஈரமாக இருக்கும் நாட்களில் இந்த வேலையே வேண்டாம். கண்ணாடி, கையுறை, ஷூ ஆகியவை அவசியம். வேட்டியும் துப்பட்டாவும் ஆகாது. தொடங்கும் முன் புதருக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: பெசன்ட் நகரில் வசிக்கிறேன். ஓராண்டுக்குள் ட்ரிம்மரின் பிளேடு துருப்பிடித்துவிட்டது. வாரண்டி செல்லாது என்கிறார்கள். புகார் செய்யலாமா?

பதில்: கடற்காற்றில் துருப்பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் பிளேடில் படிந்த செடிச் சாற்றைத் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் உங்கள் வழக்கு பலவீனமானதுதான். வாரண்டி அட்டையிலும் பிளேடு தேய்மானப் பொருளாக விலக்கப்பட்டிருக்கலாம், படித்துப் பாருங்கள். மோட்டாரோ சுவிட்சோ பழுதென்றால் நிலைமை வேறு: பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.