பள்ளி முதல்வர் பணிக்கான கடிதத்தில் எதை எழுதுவது?
வணக்கம் அம்மா. மெட்ரிக் பள்ளியில் 14 ஆண்டுகள் கணிதம் கற்பித்தும் நிர்வாகப் பதவி வகிக்காததால், முதல்வர் பணிக்கான விண்ணப்பக் கடிதத்தில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டங்களைத் தன்விவரக் குறிப்பே சொல்லிவிடும். உங்கள் வரைவில் உள்ள "தலைமைப் பண்பு மிக்கவள்" என்ற வரியை நீக்கிவிட்டு, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த மாலை வகுப்பையே முதல் பத்தியில் வையுங்கள்: பத்தாம் வகுப்பில் பின்தங்கியிருந்த மாணவர்களுக்காக அதைத் தொடங்கியபோது, வீடு திரும்பத் தாமதமாகும் என்று தயங்கிய சக ஆசிரியர்களை எவ்வாறு இணங்க வைத்தீர்கள், பொதுத்தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைத் தாளாளர் படித்தால், பதவிப் பெயர் இல்லாத குறை அவருக்குத் தோன்றாது என்றே நம்புகிறேன். மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளமான எமிஸ் பதிவுகளையோ, கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கையையோ கவனித்திருந்தால் அதுவும் நிர்வாக அனுபவமே, தயங்காமல் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.