புதிய சுரங்கத்துக்கு அனுமதி கிடைப்பதில் தண்ணீர் மாசு எவ்வளவு பெரிய விஷயம்?

பல இடங்களில் அதுதான் முதல் விஷயம். பூமிக்கடியில் எத்தனை கோடி டன் தாது கிடந்தாலும், கழிவு எங்கே போகும், அதன் மேல் பட்ட மழைநீர் எங்கே ஓடும் என்ற கேள்வியில்தான் கோப்பு நிற்கும். சுரங்கத் திட்டங்களுக்குக் கல் பரிசோதனை செய்து தரும் ஆய்வகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

செம்பு, தங்கத் தாதுக்களோடு பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். மண்ணுக்குள் கிடக்கும்வரை தொந்தரவில்லை. வெட்டி வெளியே குவித்ததும் காற்றும் மழையும் பட்டு, கந்தக அமிலம் உருவாகும். அது கல்லில் உள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். அமிலத்தின் கடுமையைக் காட்டும் அளவு பிஹெச்; அது குறையக் குறைய அமிலம் கடுமையாகும். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பிஹெச் மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். ஆமாம், பூஜ்யத்துக்கும் கீழே. 1963இல் வேலை நின்ற சுரங்கம் அது. அதிலிருந்து வரும் தண்ணீரை இன்னமும் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி ஆகுமா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் எங்கள் வேலை. பொடித்த கல் ஒரு கிலோ, ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள். மூன்று நாள் உலர்ந்த காற்று, மூன்று நாள் ஈரக் காற்று, ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றி, வடிவதைப் பிடித்து அளக்க வேண்டும். குறைந்தது 20 வாரம்; பல கற்களுக்கு அது போதாது. சில மாதிரிகள் மாதக்கணக்கில் சாதுவாக இருக்கும். அமிலத்தை அடக்கி வைத்திருந்த, கல்லுக்குள் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தீர்ந்ததும் பிஹெச் சரசரவென்று இறங்கும். அனுமதி இழுத்தடிக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் புலம்பும்போது எனக்கு இந்த உருளைகள்தான் ஞாபகம் வரும். அவசரப்படுத்த வழியே இல்லாத சோதனை.

நல்ல உதாரணம் அலாஸ்காவின் பெபிள் திட்டம். பிரமாண்டமான செம்பு, தங்கப் படிவம். ஆனால் அது இருக்கும் இடம் பிரிஸ்டல் விரிகுடாவுக்குப் போகும் ஆறுகள் உற்பத்தியாகும் பகுதி. உலகத்தில் கிடைக்கும் சாக்கை என்ற சால்மன் மீன் வகையில் பாதி அந்த விரிகுடாவிலிருந்துதான் வருகிறது. தான் பிறந்த ஓடையை மோப்பத்தால் தேடி வரும் மீன் அது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு கூடினாலே அந்த மோப்பம் மங்கிவிடும்.

2010இல் அங்குள்ள பழங்குடி அமைப்புகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தன. 2014 ஜூலையில் முகமை கட்டுப்பாடுகளை முன்மொழிந்தது. அடுத்த மாதமே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் தண்ணீரும் சேறும் ஏரிகளுக்குள் பாய்ந்தன. அணைக்கு அடியில் இருந்த பலவீனமான களிமண் அடுக்கை யாரும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கப்புறம் ‘எங்கள் அணை உடையாது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆட்சி மாறி டிரம்ப் வந்தார், 2019இல் முகமையின் முன்மொழிவு வாபஸ் ஆனது. ஆனாலும் 2020 நவம்பரில், அதே டிரம்ப் ஆட்சியில், நீர்நிலைகளைப் பாதிக்கும் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் முகமை தன் தடை அதிகாரத்தையே பயன்படுத்தியது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் தந்த அந்த அதிகாரத்தை அதுவரை மொத்தம் 13 முறைதான் பயன்படுத்தியிருந்தார்கள். அதனால் எல்லாச் சுரங்கமும் இப்படி நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை நிபந்தனைகளோடு அனுமதி வாங்கிவிடுகின்றன.

என் சந்தேகமெல்லாம் அந்த நிபந்தனைகள் மேல்தான். சுரங்கம் ஓடுவது இருபது, முப்பது வருஷம். தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டியிருப்பது அதற்குப் பல மடங்கு காலம். அதனால் எந்தத் திட்ட அறிக்கை கையில் கிடைத்தாலும், சுரங்கத்தை மூடிய பிறகு சுத்திகரிப்புச் செலவுக்கு எவ்வளவு பணம் முன்கூட்டியே கட்டி வைக்கிறார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன்.