ரத்தத்தில் ‘நார்மல்’, திசுவில் புற்று: எந்த மார்க்கரைப் பார்ப்பது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் மாமியாருக்கு வயது 58. மார்பகத்தில் எடுத்த ஊசி பயாப்சியில் ‘டிசிஐஎஸ், ஈஆர் பாசிட்டிவ்’ என்று வந்தது. கோவையில் அறுவை சிகிச்சை முடிந்தபின் வந்த ரிப்போர்ட்டிலோ ‘6 மி.மீ. இன்வேசிவ், ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2: 2+’ என்றிருக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் மார்க்கரான (புற்றைச் சுட்டும் பொருள்) சிஏ 15-3 இரண்டு முறையும் நார்மலான 17தான். முதல் ரிப்போர்ட் தவறா? எதை நம்புவது?

முதல் ரிப்போர்ட்டைத் தவறு என்று சொல்வதற்கில்லை. பால் நாளத்துக்குள்ளேயே, அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைத் தாண்டாமல் நிற்கும் புற்றணுக்களைத்தான் டிசிஐஎஸ் என்கிறோம். அந்தச் சவ்வை உடைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கிவிட்டால் அது இன்வேசிவ். ஊசியில் வருவது சில இழைத் துண்டுகள் மட்டுமே என்பதால், அதில் டிசிஐஎஸ் என்று வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அகற்றிய பகுதியை முழுமையாக ஆராயும்போது ஊடுருவிய இடமும் தென்படுகிறது.

சிஏ 15-3 ஏன் அசையவில்லை? நாள அணுக்களின் உட்புற முகத்தில் இயல்பாகவே இருக்கும் மியூசின் என்ற புரதத்தின் துணுக்கு அது. அணு தன் ஒழுங்கை இழந்து, சவ்வும் உடைந்த பிறகே அது ரத்தத்தில் கணிசமாகக் கலக்கும். முதல் நிலை மார்பகப் புற்றில் சுமார் 10 சதவீதத்தினருக்கும், இரண்டாம் நிலையில் 20, மூன்றாம் நிலையில் 40, உடலில் பரவிய நிலையில் 75 சதவீதத்தினருக்குமே இது உயர்ந்து காணப்படுகிறது. ஆகவே 6 மி.மீ. கட்டியில் 17 என்ற எண்ணால் ஆறுதலும் இல்லை, அச்சமும் இல்லை. ஈரல் நோயிலும், பி12 குறைவால் வரும் ரத்தசோகையிலும் புற்று இல்லாமலே இது ஏறக்கூடும். “ரத்தத்துலயே தெரிஞ்சு போயிருமுங்களா, டாக்டர்?” என்று கேட்காத குடும்பம் அரிது; மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியல்களில் இதைச் சேர்ப்பதை நான் வீண் செலவாகவே கருதுகிறேன். பரவிய நோய்க்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று ஸ்கேனுடன் சேர்த்துப் பார்ப்பதே இதன் உண்மையான பயன்.

சிகிச்சையைத் தீர்மானிப்பவை திசுவில் பார்க்கும் மார்க்கர்களே. டிசிஐஎஸ் மட்டும் இருந்தால் பொதுவாக ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் ஏற்பி) போதும், ஏனெனில் அங்கே எழும் கேள்வி ஹார்மோன் மாத்திரை தரலாமா என்பதே. இதில் ஒரு விந்தை உண்டு: ஹெர்-2 (அணுவை வளரத் தூண்டும் புரதம்) மிகுதியாகத் தென்படுவது இன்வேசிவ் கட்டிகளைவிட, குறிப்பாகத் தீவிர வகை டிசிஐஎஸ்ஸில்தான். ஆயினும் டிசிஐஎஸ்ஸுக்கு ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியோ கீமோவோ தருவதில்லை என்பதால் அங்கே அதை வழக்கமாகப் பரிசோதிப்பதில்லை; உங்கள் முதல் ரிப்போர்ட்டில் அது இல்லாததற்குக் காரணம் இதுவே. இன்வேசிவ் என்று உறுதியானதும் ஈஆர், பிஆர் (புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றும் கட்டாயம், அணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ-67 பெரும்பாலும் உடன் வரும். ஒரே கட்டியில் இரண்டு பகுதிகளும் கலந்திருக்கும்போது, ஹெர்-2 மதிப்பெண் ஊடுருவிய பகுதிக்கு உரியதாக இருக்க வேண்டும். பக்கத்து டிசிஐஎஸ் அடர்ந்த நிறமேறி நின்றாலும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் இது தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

ஹெர்-2வில் 2+ என்பது இரண்டுங்கெட்டான் நிலை. ஹெர்-2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை முடிவு வராமல் மருந்துத் திட்டத்தை முடிவுசெய்ய வேண்டாம். அது பாசிட்டிவ் என்றால், 6 மி.மீ. கட்டிக்கும் டிராஸ்டுசுமாப் தேவையா என்று புற்றுநோய் மருத்துவருடன் பேச வேண்டியிருக்கும். நெகட்டிவ் என்றால், மாதவிடாய் நின்ற வயதில் லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரையே மருந்துகளில் முதன்மை பெறும்.

திசு வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடப்பட்டு, 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊறியிருக்க வேண்டும். சிறு ஊர்களிலிருந்து கோவை ஆய்வகங்களுக்குச் செல்லும் மாதிரிகளில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான், ஏனெனில் இந்த நேரக் கணக்கு தவறினால் உள்ள மார்க்கரும் இல்லாததுபோல் காட்டும். இனி சிஏ 15-3 எடுக்க வேண்டியதில்லை. இரண்டு ரிப்போர்ட்டுகளுடன் அறுவை சிகிச்சையின் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) கேட்டு வாங்குங்கள். கண்ணாடி ஸ்லைடு மட்டும் தந்தனுப்பினால் ஃபிஷ் செய்யத் திசு போதாமல் போகலாம்.