டோல்கீனின் எல்விஷ் மொழிகளில் சொற்கள் எப்படி உருவாகி, எப்படி மாறுகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எல்விஷ், அதாவது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையில் எல்ஃப் இனத்தார் பேசுவது, அதை எழுதிய டோல்கீன் என்ற ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி, நினைத்ததை நினைத்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கலாம், அப்படியிருக்க அதில் வேர், திரிபு, ஒலிமாற்றம் என்றெல்லாம் பேசுவது ரசிகர்களின் கூத்துதானே?

ரசிகர்களின் கூத்து நிறைய உண்டு, மறுக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் வேரையும் திரிபையும் டோல்கீனே முதல் நாளிலிருந்து வைத்திருந்தார், சொல்லப்போனால் அந்த விளையாட்டுக்காகத்தான் மொழிகளையே உண்டாக்கினார். தொழிலால் அவர் மொழியியல்காரர். 1919, 1920 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் டபிள்யூ எழுத்துச் சொற்களுக்கு வேர் தேடுவதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. பகலெல்லாம் சொல்லின் பூர்வீகத்தைத் துருவுகிற ஆள் இரவில் பூர்வீகமே இல்லாத ஒரு சொல்லை எழுதுவாரா?

நான் புரிந்துகொண்ட வரையில் எல்விஷில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வயது உண்டு. கதைக்குள் ஒரு வயது, அது ஆயிரக்கணக்கான வருடம். டோல்கீனின் மேசையில் இன்னொரு வயது, அது 1915இல் அவர் முதல் சொற்பட்டியலை எழுதத் தொடங்கியதிலிருந்து 1973இல் இறந்ததுவரை. இரண்டிலும் சொல் மாறிக்கொண்டே இருந்தது. மேசையில் ஏற்பட்ட குழப்பத்தையெல்லாம் கதைக்குள் தள்ளி வரலாறாக்கிவிடுவார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் கதைக்குள் நடப்பது. எல்விஷ் என்று ஒற்றை மொழி கிடையாது, அது ஒரு குடும்பம். க்வென்யா, சிந்தாரின், தெலெரின் எல்லாம் ஒரே மூலமொழியின் பிள்ளைகள். க்வென்யாவின் ஓசைக்கு ஃபின்னிஷ் மொழியும், சிந்தாரினின் ஓசைக்கு வெல்ஷ் மொழியும் அவருக்கு மாதிரி. மூலமொழியில் மரத்துக்குச் சொல் கலடா (இந்தக் க-வைக் 'கோபம்' என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள்). க்வென்யா சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்தக் க-வைத் தூக்கிவிடும், நடுவில் உள்ள உயிரையும் விழுங்கிவிடும், ஆக அல்டா. சிந்தாரினில் க தங்கும், கடைசி ஆ விழும், நடுவில் இருந்த ட நம் 'அது'வில் வருகிற மெல்லிய த போல ஆகிவிடும், ஆக கலத். இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடப்பதில்லை. கல்லுக்கு க்வென்யாவில் ஒன்டோ, சிந்தாரினில் கோன்ட், அங்கேயும் அதே க ஒரு பக்கம் விழுந்திருக்கிறது, மறு பக்கம் நிற்கிறது. பால், பல், பத்து என்று நாம் சொல்வதெல்லாம் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று வரிசையாக மாறுவதைக் கவனித்திருப்பீர்களே, அந்த மாதிரி.

சினிமா மட்டும் பார்த்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாலினோர் என்பதில் 'நோர்', கோண்டோர், மோர்டோர் என்பவற்றில் 'டோர்'. இரண்டுக்கும் நாடு என்றுதான் பொருள். மூலமொழியில் அந்தச் சொல் 'ன்ட்' என்று இரட்டை மெய்யோடு தொடங்கியது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி க்வென்யா ன்-னை வைத்துக்கொண்டது, சிந்தாரின் ட்-டை வைத்துக்கொண்டது.

அன்னப் பறவைக்கு க்வென்யாவில் அல்க்வா, தெலெரினில் அல்பா, சிந்தாரினில் அல்ஃப். க்வ எப்படி ப ஆகும் என்று கேட்காதீர்கள், நிஜ உலகிலேயே ஆகியிருக்கிறது. லத்தீனில் ஐந்துக்கு க்வின்க்வே, வெல்ஷில் பிம்ப். வெல்ஷ் போல ஒலிக்க வேண்டும் என்றால் வெல்ஷின் சொற்களைக் கடன் வாங்கினால் போதாது, வெல்ஷ் தன் வரலாற்றில் நடந்து வந்த வழியிலேயே தன் மொழியும் நடக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பன்மைக்கு வந்தால் இன்னும் அழகு. மனிதனுக்கு க்வென்யாவில் அட்டன், பன்மை அட்டனி. சிந்தாரினில் அடன், பன்மை எடைன். உயிர்களுக்கு நடுவில் ட் மெலிந்தது நமக்குப் பழக்கம்தான், 'பட்டம்', 'படம்' என்று சொல்லிப் பார்த்தால் போதும் (மூலத்தில் இரட்டிப்பு கிடையாது, தமிழ் எழுத்தில் அந்த ஒற்றை வல்லொலியைக் காட்ட எனக்கு வேறு வழியில்லை). கடைசியில் இருந்த பன்மை இ விழுந்துவிட்டது, ஆனால் விழுவதற்கு முன் உள்ளே இருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத்தான் போனது. அதனால்தான் எடைன் என்று சொல்லின் வயிற்றுக்குள் பன்மை இருக்கிறது. சிந்தாரின் படிக்கிறவர்கள் தலையில் கைவைக்கும் இடம் இது. வரலாறு தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

விதிப்படி மாறுவது இதுவரை. ஆட்கள் மாற்றுவதும் உண்டு. 1968 வாக்கில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இது வருகிறது. க்வென்யாவில் 'தேங்க் யூ' என்பதன் முதல் ஒலி போல ஓர் ஒலி இருந்தது, அது நோல்டோர் குலத்தாரிடையே மெல்ல மெல்ல ஸ ஆனது. எல்லோருக்கும் சாதாரண மாற்றம், அந்தக் குலத்து இளவரசன் ஃபியனோருக்கு மட்டும் ஆகவில்லை. காரணம் அவன் தாய், மீரியல் தெரிந்தே. ஊசிவேலையில் கைதேர்ந்தவள் என்பது அந்தப் பட்டப்பெயரின் பொருள். (தமிழில் எழுதினால் தெரிந்தே செய்தது போல வருகிறது, நான் என்ன செய்ய!) அவள் இறந்துபோனாள், அப்பா ஃபின்வே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார், சித்தியாக வந்த இந்திஸ் பிறந்த குலத்தில் பழைய ஒலிதான் வழக்கம் என்றாலும் புகுந்த இடத்து வழக்கப்படி ஸ-வுக்கு மாறிக்கொண்டாள். ஊரே அம்மா பெயரை 'செரிந்தே' என்கிறது. ஃபியனோர் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தான், ஸ என்று சொல்கிறவனெல்லாம் அவன் கணக்கில் எதிராளி. ழ-வை ள என்று சொன்னதற்காக வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் குடும்பச் சண்டை உடனே புரியும். ஓர் ஒலிமாற்றத்தை எடுத்துக் குடும்பப் பகையின் சின்னமாக ஆக்கியிருக்கிறார், அதுவும் மோதிரக் கதை அச்சாகி ஏறக்குறைய பதினான்கு வருடம் கழித்து.

எழுத்துகளின் பெயரிலும் இந்தக் காயங்கள் தெரியும். தெங்வார் எழுத்துமுறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பெயர் ஒரு முழுச் சொல். ஓர் எழுத்துக்கு ஆஸெ என்று பெயர், சூரிய ஒளி என்று பொருள், ஜீப்ராவின் முதல் ஒலிக்கான எழுத்து அது. காலப்போக்கில் அந்த ஒலி ர ஆகிவிட்டது, சொல்லும் ஆரெ ஆகிவிட்டது. ர-வுக்கு ஏற்கெனவே எழுத்து இருந்ததால் இதற்கு வேலை போய்விட்டது. சரி, சும்மா ஏன் கிடக்க வேண்டும் என்று அதிகம் புழங்கும் ஸ்ஸ ஒலிக்கு அதை வைத்துக்கொண்டார்கள், பெயரும் எஸ்ஸெ என்று மாறியது. எஸ்ஸெ என்றால் என்ன தெரியுமா? 'பெயர்'. இதெல்லாம் நாவலின் பின்னிணைப்பில் இரண்டு வரியில் வந்துபோகிறது, பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியே இருக்க மாட்டார்கள்.

மோதிரக் கதையில் வரும் எல்ஃப் சீமாட்டி காலட்ரியல் பெயருக்கு ஆன கதை வேறு மாதிரி. ஒளிரும் மாலை சூடிய பெண் என்பதுதான் அதன் பொருள், மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவள் மரங்கள் நிறைந்த லோரியனில் இருந்ததால், மேலே பார்த்தோமே கலத், அதைத்தான் பெயரில் கேட்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக் கலத்ரியல் என்று மாற்றிச் சொன்னார்கள். தவறான சொற்பிறப்பைக்கூடத் திட்டமிட்டு உண்டாக்கியிருக்கிறார்.

இனி மேசை. சிந்தாரின் என்று நாம் சொல்லும் மொழி 1950 வாக்குவரை அவர் தாள்களில் நோல்டோரின், அதாவது மேற்கிலிருந்து வந்த நோல்டோர் கையோடு கொண்டுவந்த மொழி. பிறகு அவருக்கு மனம் மாறியது. அது கதை நடக்கும் நாட்டிலேயே ஏற்கெனவே இருந்த சிந்தார் என்ற எல்ஃப் மக்களின் மொழி என்றாக்கினார், நோல்டோர் க்வென்யா பேசிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள், இங்கே அரசன் திங்கோல் க்வென்யாவுக்குத் தடை போட்டதால் ஊர் மொழிக்கு மாறினார்கள் என்று காரணமும் எழுதினார். சொற்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய அப்படியே இருந்தன. வீட்டை இடிக்காமல் பட்டாவை மட்டும் வேறு பெயருக்கு மாற்றிய மாதிரி.

எல்லா நேரமும் இப்படிச் சமாளிக்க முடிந்ததா என்றால், இல்லை. எல்ரோஸ் என்ற பெயரில் 'ரோஸ்' என்றால் நுரை, நீர்த்திவலை. மைட்ரோஸ் என்ற பெயரில் அதே 'ரோஸ்' செம்பு நிறத் தலைமுடி. ஒரே மொழியில் ஒரே ஒலியில் இரண்டு சொல் என்பது அவரை உறுத்தியிருக்கிறது. நுரை 'ரோஸ்' எல்விஷே இல்லை, பேயோர் குலத்து மனிதர்களின் மொழியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு, வம்சாவளி, யார் வீட்டில் எந்த மொழி பேசினார்கள் என்று விரிவாகக் கட்டுரை எழுதினார். எழுதிய பிறகு ஞாபகம் வந்திருக்கிறது, ஆண்டுயின் ஆற்றில் கேர் ஆண்ட்ரோஸ் என்று ஒரு தீவு, கப்பல் போன்ற வடிவம், வடக்கு முனையில் ஆற்று நுரை மோதித் தெறிக்கும், பெயருக்கு 'நீள்நுரைக் கப்பல்' என்று ஏற்கெனவே புத்தகத்தில் பொருள் அச்சாகியிருக்கிறது, அதுவோ சுத்தமான சிந்தாரின் பெயர். இதில் பெரும்பகுதி செல்லாது என்று கட்டுரையின் மேலேயே குறித்துவைத்துவிட்டார். அச்சில் ஏறிய சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டவர், ஏறாததை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுவார்.

அச்சில் ஏறியதை மாற்றிய இடமும் ஒன்று உண்டு, நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

என் சித்தி பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் அந்தப் படங்கள் என்றால் உயிர். கதைநாயகன் ஃப்ரோடோ, கில்டோர் என்ற எல்ஃபிடம் சொல்லும் வாழ்த்து வரியை, 'நம் சந்திப்பின் வேளையில் ஒரு விண்மீன் ஒளிர்கிறது' என்பதை, தெங்வார் எழுத்தில் எழுதி ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். எங்கோ கிடைத்த 1954 பதிப்பின் வரி, கடைசிச் சொல் ஓமென்டியெல்மோ. சந்திப்பு என்ற சொல்லோடு 'நம்' என்ற விகுதி சேர்ந்தது. கொடுத்து முடித்த பிறகுதான் படித்தேன், க்வென்யாவிலும் நம்மைப் போலவே 'நாம்', 'நாங்கள்' இரண்டும் தனித்தனியாம். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே கிடையாது, அதனால் ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்கு விளக்கினால்தான் புரியும், நமக்குச் சொன்ன மாத்திரத்தில் புரிந்துவிடும். 1954இல் அந்த 'ல்ம' விகுதி 'நம்' என்றுதான் இருந்தது. பிறகு டோல்கீன் விகுதிகளை இடம் மாற்றினார், 'ல்ம' என்றால் எங்கள், 'ல்வ' என்றால் நம் என்று ஆக்கினார். 1960களின் நடுவில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தச் சொல் ஓமென்டியெல்வோ என்று திருத்தப்பட்டது. ஆக புதுக் கணக்குப்படி என் பரிசில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து, 'எங்கள் சந்திப்பு, உனக்கு அதில் பங்கில்லை' என்கிறான்.

ஃப்ரேம் இன்னும் அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன், தம்பி மனைவி இப்போது என்னைவிடத் தீவிரமாக க்வென்யா படிக்கிறாள், காபியைக் கொடுத்துக்கொண்டே சுவரைக் காட்டி, "மாமா, இது எங்களா, நம்மா?" என்று கேட்டாள். ஃப்ரோடோ காலத்தில் நம்தான்மா, பிறகு திரிந்துவிட்டது என்றேன்.