ஆன்லைன் பிரெட் வகுப்பு: சொல்லித்தருபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, 12 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு வீடியோவில் பிரெட் சொல்லித்தரப் போகிறேன். என்ன அளவு கொடுக்கட்டும்?

பதில்: மைதா 300 கிராம், தண்ணீர் 190 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (மாவில் நேராகக் கலக்கும் உலர் ஈஸ்ட்) 4 கிராம், சர்க்கரை 12 கிராம், உப்பு 5 கிராம், எண்ணெய் 15 மில்லி. டம்ளர் கணக்கு வேண்டவே வேண்டாம். ஒருத்தி அழுத்தி அளப்பாள், ஒருத்தன் தளர அள்ளுவான். 40 கிராம் மாவு கூடினாலே உருண்டை இறுகிவிடும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நம்மால் தொட்டுப் பார்க்க முடியாதே. டிஜிட்டல் தராசு கட்டாயம்.

கேள்வி: பிசைந்தது போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: நெல்லிக்காய் அளவு கிள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து, பின்னால் விரல் நிழலாகத் தெரிந்தால் போதும். கையால் பிசைந்தால் 10-12 நிமிடம் ஆகும். ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போவார்கள், விடாதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் மாவு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஒட்டலும் குறையும்.

கேள்வி: சென்னைப் பிள்ளைக்கு முக்கால் மணியில் உப்பிவிடுகிறது, ஊட்டிப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரமாகியும் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இட்லி மாவும் அப்படித்தானே? நேரம் சொல்லாதீர்கள், அடையாளம் சொல்லுங்கள். பிசைந்த மாவில் 50 கிராமை நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி, மேல்மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு கேமரா முன் வைக்கட்டும். உயரம் இருமடங்கானால் அடுத்த வேலை. அந்த 50 கிராமையும் மாவோடு சேர்த்துவிடலாம். ஊட்டிப் பிள்ளை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, அணைத்த ஓவனுக்குள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வைக்கட்டும். தண்ணீர் விரலைச் சுடக் கூடாது. 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும்.

கேள்வி: ஓவன் இல்லாத வீட்டில்?

பதில்: 60 கிராம் உருண்டைகளாக்கி லேசாகத் தட்டி, மறுபடி உப்பவிட்டு, அடிகனமான வாணலியில் மூடி போட்டு மிகச் சிறு தீயில் பக்கத்துக்கு 7-8 நிமிடம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: மேலே சிவந்துவிட்டது, நடுவில் பிசுபிசுப்பு. ஏன்?

பதில்: சின்ன ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) மேல் சூட்டுக் கம்பி ரொம்பக் கிட்டே இருக்கும். டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள்; 190 டிகிரியில் 30 நிமிடம். நிறம் வந்ததும் ஃபாயில் மூடுங்கள். சமையல் தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 93-95 டிகிரி காட்ட வேண்டும். வெந்தும் பிசுபிசுத்தால், சுடச்சுட வெட்டியிருப்பார்கள். கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறட்டும். வெட்டிக் காட்டுவதை அன்று மாலை பத்து நிமிட அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.