இழுத்தது யார்?

கேள்வி: உஸ்மானியர், சஃபாவியர், முகலாயர் மூவரையும் 'வெடிமருந்துப் பேரரசுகள்' என்கிறார்களே. பீரங்கியை இழுத்து வந்து நாலு முறை முழக்கியதும் நாடு கைக்கு வந்துவிட்டதா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: 'இழுத்து வந்து' என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு வருடச் சந்தா இலவசமாகத் தரலாம். (மேனேஜர் விடமாட்டார்.) வரலாற்றுப் புத்தகங்களில் "சுல்தான் பீரங்கிகளோடு வந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எப்படி வந்தார்? தோள்பையில் போட்டுக்கொண்டா?

1453-இல் கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) முற்றுகையிட்ட உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்கு ஓர்பன் என்ற ஹங்கேரிக்காரர் ஒரு ராட்சசப் பீரங்கி வார்த்துக் கொடுத்தார். அப்போதைய உஸ்மானியத் தலைநகர் எதிர்னேயிலிருந்து அதை இழுத்தவை 60 எருதுகள். சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆட்கள். பாதையைச் சமப்படுத்த, பாலம் போட, முன்னால் இன்னொரு கூட்டம். பிப்ரவரியில் கிளம்பியது மார்ச்சில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். அப்புறம் அது ஒரு நாளைக்கு எத்தனை முறை சுட்டது? ஏழு முறை.

நம் சரித்திரப் படங்களில் ஹீரோ ஒரு வசனம் பேசி முடிப்பதற்குள் எழுபது முறை சுடுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு டைரக்டர் நண்பரை இழந்தேன். பிரிவ்யூ முடிந்து வெளியே வந்தவர், "எப்படி இருக்கு சார்?" என்றார். "நன்றாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய பீரங்கியை இரண்டு துணை நடிகர்கள் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வருகிறார்களே, மாடு எங்கே?" என்றேன். "மாடு வந்தா விலங்கு நல வாரியத்துல அனுமதி வாங்கணும் சார். பீரங்கிக்கு வேண்டாம்" என்றார். நியாயமான பதில்தான். இருந்தாலும் விமர்சனத்தில் மாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதற்குப் பிறகு பிரிவ்யூ அழைப்பு வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 'வெடிமருந்துப் பேரரசுகள்' என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவர்கள் சிகாகோ பேராசிரியர்கள் மார்ஷல் ஹாட்ஜ்சனும் வில்லியம் மக்நீலும். பெயர் கச்சிதம், விஷயம்தான் அவ்வளவு கச்சிதமில்லை. 1514-இல் சால்திரான் போரில் உஸ்மானிய சுல்தான் செலிமின் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் சஃபாவிய மன்னர் ஷா இஸ்மாயிலின் குதிரைப் படையை நொறுக்கின. செலிம் சஃபாவியரின் தலைநகர் தப்ரீஸுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். அங்கே அவருடைய ஜானிசரி வீரர்களே (சுல்தானின் சொந்தக் காலாட்படை), இதற்கு மேல் கிழக்கே வரமாட்டோம், குளிர்காலத்தை இங்கே கழிக்கவும் மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். வந்த வழியே திரும்பினார். தோற்ற சஃபாவியர்கள் அதற்குப் பிறகும் இருநூறு வருடம் ஆண்டார்கள்.

பாபரின் பீரங்கிக்காரர் உஸ்தாத் அலி குலியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1526-இல் ஆக்ராவில் ஒரு பெரிய பீரங்கி வார்க்கிறார். அச்சைச் சுற்றி எட்டு உலைகள், ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் அச்சுக்கு ஒரு வாய்க்கால். பாபரே நின்று பார்க்கிறார். அச்சு நிறைவதற்குள் உலோகக் குழம்பு வரத்து நின்றுவிட்டது. உஸ்தாத் அந்தக் குழம்பிலேயே குதித்துவிடப் போனாராம். பாபர் சமாதானம் சொல்லி மரியாதை அங்கி போர்த்தினார். இரண்டொரு நாள் ஆறவிட்டுப் பிரித்துப் பார்த்தால் குழாயில் ஒரு குறையும் இல்லை. மருந்து கிட்டிக்கும் அறையை மட்டும் தனியாக வார்த்தால் போதும். பேரரசருக்கே பீரங்கி இப்படி உயிரை வாங்கித்தான் கிடைத்தது.

அவர் மகன் ஹுமாயூனைப் பாருங்கள். 1540, கன்னோஜ். 700 வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பீரங்கி, வண்டிக்கு நான்கு ஜோடி மாடு. பெரிய பீரங்கிகளுக்கு 21 வண்டி, அதற்கு எட்டு ஜோடி. அந்தப் போரில் இருந்த மிர்சா ஹைதர் எழுதி வைத்த கணக்கு இது. கூட்டிப் பார்த்தால் ஆறாயிரம் மாட்டுக்குப் பக்கம் வருகிறது. தினமும் அவற்றுக்கு வைக்கோலும் தண்ணீரும் தேடிய ஆளை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. இவ்வளவும் வந்து நின்றன. எதிரி ஆப்கானியர் ஷேர் ஷாவின் படை நெருங்கியதும் ஹுமாயூன் பக்கம் கலைந்து ஓட்டம் பிடித்தது. ஒரு பீரங்கிகூட வெடிக்கவில்லை என்கிறார் மிர்சா. மருந்து இருந்தது, குண்டு இருந்தது. பேரரசு பதினைந்து வருடத்துக்குப் போய்விட்டது.

மாட்டின் அருமை தெரிந்தவர்கள் மைசூர்க்காரர்கள். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்துக்கொண்டிருந்த 'பெண்ணெ சாவடி' மந்தையை ஹைதர் அலி பீரங்கி இழுக்கப் பழக்கினார். திப்பு அதற்கு அம்ருத் மஹால் என்று பெயர் வைத்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மந்தை கம்பெனி கைக்குப் போனது. பின்னால் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியர் மேல் படையெடுத்துப் போனது இந்த மாடுகளை நம்பித்தான். லண்டனில் அவருக்குச் சிலை இருக்கிறது, குதிரை மேல்.