கண்வலிப்பூவும் காந்தளும் ஒன்றா?

கேள்வி: எங்கள் ஊர் வேலிகளில் மழைக்காலத்தில் படர்ந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் கொடியைக் ‘கண்வலிப்பூ’ என்கிறோம். அதை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் அதையே ‘கார்த்திகைப்பூ’ என்றார். மாநில மலரான செங்காந்தளின் படமும் அதேபோல் இருக்கிறது. எது சரியான பெயர்? கண்வலி உண்மையா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மூன்றும் ஒரே கொடியின் பெயர்கள்தாம், மூன்றும் சரியானவையே. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு இட்ட ‘குளோரியோசா சுபெர்பா’ என்னும் அறிவியல் பெயர் பூவின் பகட்டை மட்டுமே புகழ்கிறது. நம் பெயர்களோ செடியைக் கூர்ந்து பார்த்தவர்கள் வைத்தவை. இலையின் நுனி நீண்டு சுருண்டு, அருகிலுள்ள குச்சியையோ முள்ளையோ பற்றிக்கொண்டு ஏறுவதால் ‘தலைச்சுருளி’, ‘பற்றி’ என்ற பெயர்கள் வந்தன. மண்ணுக்கடியில் இரு கிளையாகப் பிரிந்து வளைந்திருக்கும் கிழங்கு ஏரை நினைவூட்டியதால் ‘கலப்பைக் கிழங்கு’ என்றார்கள். வடமொழியில் ‘லாங்கலி’ என்பதும் கலப்பையைக் குறித்த பெயரே. இலங்கையின் வடக்கு கிழக்கில் வடகீழ்ப் பருவமழையோடு தழைத்துக் கார்த்திகை மாதத்தில் பூப்பதால் அங்கே அது கார்த்திகைப்பூ ஆயிற்று.

‘காந்தள்’ சங்ககாலத்துப் பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் நீண்ட மலர்வரிசை ‘ஒண்செங் காந்தள்’ என்றே தொடங்குகிறது. அதே வரிசையில் ‘சுடர்ப்பூந் தோன்றி’ என்றும் ஒரு மலர் வருகிறது. தோன்றியும் செங்காந்தளும் ஒன்றே என்று கொள்வோர் உண்டு. ஒரே பூவைக் கபிலர் இருமுறை சொல்வாரா என்ற கேள்வியும் நியாயமானதே. எப்படியாயினும் ‘சுடர்’ என்ற அடைமொழி இந்தப் பூவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தலைகவிழ்ந்து தொங்கும் பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி, நெளிந்த ஓரங்களுடன் மேல்நோக்கி எரிவதுபோல் நிற்கின்றன. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து மெல்லச் சிவப்பதால், ஒரே கொடியில் பல நிறப் பூக்களைக் காணலாம்.

கண்வலிக்கு வருவோம். பூவைப் பார்ப்பதால் கண்வலி வராது. உங்கள் ஊருக்கு அருகிலும், தாராபுரம், மூலனூர் வட்டாரத்திலும் விதைக்காக இதைப் பயிரிடும் தோட்டங்களில், மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், ஆட்கள் காலைதோறும் ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்துக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். பார்வையால் நோய் வருமானால் அவர்களுக்கே முதலில் வந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த எச்சரிக்கையை நான் எள்ள மாட்டேன். குழந்தைகளின் கையை ஒரு நச்சுச்செடியிலிருந்து தள்ளி வைக்க அது உதவியிருக்கிறது. இச்செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்கிசின் என்னும் நஞ்சு உள்ளது. கீல்வாத வகைகளுள் ஒன்றான ‘கவுட்’ நோய்க்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் தரும் மருந்தும் அதுவே. ஏற்றுமதிக்காக விதையைச் சேகரிப்பதும் அதற்காகத்தான். கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று தவறாக எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. கைவைத்தியமாக ஒரு துண்டுகூட உட்கொள்ளக் கூடாது. தவறி உண்டவரை, வாந்தி தொடங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: இதை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?
— அதே வாசகி

பதில்: சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ இல்லாத வீடானால் வளர்க்கலாம். கிழங்கின் கிளை நுனியில்தான் முளைக்கும் கண் இருக்கும்; அது ஒடிந்தால் முளைக்காது என்பதால் நடும்போது கவனம் தேவை. தண்ணீர் தேங்காத மண்ணும், இலை நுனி பற்ற மெல்லிய குச்சிகளும் போதும். விதை முற்றியபின் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த மழையில் துளிர்க்கும். கிழங்கைத் தோண்டி வைப்பதானால் கையுறை அணியுங்கள். சமையலறைக் கிழங்குகளோடு எக்காரணம் கொண்டும் சேர்த்து வைக்காதீர்கள்.